கேமராத் தம்பிக்குக் கிழவன் சொல்ற புத்தி

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா போதும், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு படை தமிழ்நாட்டுக்குள்ள இறங்குது. எல்லாம் பெங்களூர்ப் புள்ளைங்க. பச்சையும் பழுப்புமா சட்டை, அதே துணியில தொப்பி, அதே துணியில லென்ஸுக்கும் ஒரு உறை. இந்தப் பக்கம் ஓசூர்லருந்து நைட் ஷிப்ட் முடிச்ச கையோட ஒரு கூட்டம் பைக்குல வந்து சேருது. ரெண்டும் கெலவரப்பள்ளி அணைக்கட்டு ஓரமா வண்டியை நிறுத்திட்டு, மறைஞ்சு நிக்கிறதா நெனச்சுக்கிட்டு நிக்குதுங்க. வண்டி மட்டும் செக்கச்செவேல்னு அரை மைலுக்குத் தெரியும்.

அந்தச் சட்டையை மொதல்ல பேசி முடிச்சிடுவோம் தம்பி. காட்டுல மறையறதுக்குன்னு காசு கொடுத்து வாங்கினது, சரி. நீ நிக்கிற எடத்துல காடு எங்க இருக்கு கண்ணு? ஒரு பக்கம் கோஸ் தோட்டம். ஒரு பக்கம் பாலித்தீன் கூடாரத்துக்குள்ள ரோஜா. எதிர்ல கம்பெனி காம்பவுண்டு. அங்க மறையணும்னா நீ கம்பெனி யூனிபாரம் போட்டுக்கிட்டு டிபன் பாக்ஸோட பஸ் ஸ்டாப்புல நிக்கணும். இல்லன்னா அழுக்கு வேட்டி, தலையில துண்டு. என்னைப் பார்த்து ஒரு கொக்கும் பறந்ததில்ல. ஏர் ஓட்டின காலத்துல பின்னாடியே வந்துச்சு, இப்ப டிராக்டருக்குப் பின்னாடி வருது. உன்னைக் கண்டாத்தான், 'இதென்னடா புதுசா ஒரு புதர் எழுந்து நடக்குதே'ன்னு கெளம்பிடுது.

நான் படிச்சது அஞ்சாங்கிளாசு. ஆனா உங்களோட பேசிப் பேசி உங்க பாஷை எனக்கு அத்துப்படி. மொத மொத பார்க்கிற பறவைக்கு 'லைஃபர்'. மங்கலா, பாதி வாலோட விழுந்த படத்துக்கு 'ரெக்கார்டு ஷாட்'. படம் நல்லா இல்லன்னு நேராச் சொல்ல மனசு வராம வச்ச பேரு அது. பறவை கண்ணுல ஒரு வெளிச்சப் பொட்டு விழணும், அதுக்கு ஒரு பேரு. பின்னாடி இருக்கிறதெல்லாம் கலங்கி, குழைஞ்சு, ஒண்ணும் தெரியாமப் போகணும், அதுக்கு 'போக்கே'ன்னு ஒரு பேரு. இந்த போக்கேகிட்டதான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கு.

போன கார்த்திகையில ஒரு தம்பி படம் ஒண்ணைக் காட்டினான். வெள்ளைவெளேர்னு பரந்து கெடக்குது. நடுவுல நெடுங்கால் உள்ளான் ஒண்ணு, செவப்புக் காலை ஊனி நிக்குது. மேல கீழ எங்கயும் ஒண்ணும் தெரியல. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வேற எழுதியிருந்தான். பனிக்காலக் கனவுன்னு அர்த்தம்னு பேரன் சொன்னான். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பனியாவது கினியாவது! தென்பெண்ணை நுரைடா ராசா அது. சோப்பு நுரை.

நந்தி மலைப் பக்கம் பொறக்குது இந்த ஆறு. பெங்களூருக்குக் கிழக்கால ஓரமா வந்து, கொடியாளத்துக்கிட்ட நம்ம எல்லைக்குள்ள காலெடுத்து வைக்குது. அதுக்குள்ள ஊர்ப்பட்ட வீட்டுல தொவைச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, தொழிற்சாலை கழுவி விட்ட தண்ணி, எல்லாம் அதுல வந்து சேர்ந்துடுது. மழை பேஞ்சு வரத்து கூடினா அணையில ஷட்டரைத் தூக்குவாங்க. தண்ணி மேலருந்து விழற வேகத்துல உள்ள இருக்கிற சோப்பு கடைபட்டு, பொங்கி, ஆளு உசரத்துக்கு எழும்பும். காத்தடிச்சா பிச்சுக்கிட்டுப் பறந்து தக்காளிச் செடி மேல, தரைப்பாலத்து மேல, பைக்குல போறவன் மூஞ்சி மேல உக்காரும். நாத்தம் சொல்லி மாளாது. நல்லவேளை, உன் கேமராவுக்கு மூக்கு கெடையாது.

அந்தத் தம்பியைக் கேட்டேன், 'எங்கப்பா குடியிருக்கே?' பெங்களூர்ல ஏரிக்கரை ஓரமா அடுக்குமாடியாம். 'வீட்டுல வாஷிங்மெஷின் இருக்குதா?' இருக்குதாம். 'அப்ப சரி, சனிக்கிழமை நீ தொவைச்சு விட்ட நுரையை ஞாயித்துக்கிழமை நாப்பது கிலோமீட்டர் கார்ல தொரத்திக்கிட்டு வந்து, படுத்துக்கிட்டுப் படம் எடுத்திருக்கே. உன் சொத்து, நீ எடுத்துக்கிட்டே, யாரு கேக்கறது?'ன்னேன். அவன் சிரிச்சான். நல்ல புள்ள. ஆனா படத்தை மாத்தல.

அந்த உள்ளான் அங்க ஏன் நிக்குதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? அழகுக்கு நிக்கல. சாக்கடை கலந்த ஆழமில்லாத தண்ணியில புழுவும் கொசு முட்டையும் எக்கச்சக்கம். அதுக்கு அது ஓட்டல். அந்தத் தண்ணியையே பாய்ச்சித்தான் நாங்க கீரையும் முள்ளங்கியும் போடறோம். அதைத்தான் லாரி ஏத்தி உங்க ஊருக்கே அனுப்பறோம். சோப்பு இங்க வருது, கீரை அங்க போகுது, கணக்கு நேராயிடுது. இத்தனை சங்கதி ஒரு படத்துக்குள்ள இருந்துச்சு. எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு, காலை மட்டும் வச்சிருக்கான்.

அதனால என் யோசனை இதுதான். அடுத்த தடவை ஷட்டரும் படத்துல விழட்டும். கரையில மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற பள்ளிக்கூடப் பொண்ணு விழட்டும். உள்ளான் நின்ன எடத்துலயே நிக்கட்டும், அது எங்கயும் போயிடாது. லைக்கு கொஞ்சம் கொறையும், தாங்கிக்கோ. இந்த ஆறு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணையெல்லாம் தாண்டிக் கடலூர்கிட்ட கடல்ல விழுது. அங்க கரையில முட்டிபோட்டுக் கடல்காக்காய்க்கு ஃபோகஸ் பண்ற உன் சகபாடிக்கும் மேல்நாட்டு விசேஷம் தெரியணுமில்ல?

கரண்டு கம்பி விவகாரம் ஒண்ணு இருக்கு. பனங்காடை றெக்கையை விரிச்சா நீலம் கண்ணைப் பறிக்கும், அதுல எனக்கும் மறுப்பு இல்ல. அது கரண்டு கம்பியில உக்காந்திருக்கு. மொத்தப் படையும் கேமராவைக் கீழ இறக்கிட்டு நிக்குது. ஏம்பான்னு கேட்டா, 'கம்பி வந்தா வேஸ்ட், தாத்தா.' ஒருத்தன் போயி நல்லா வளைஞ்ச முள்ளுக்குச்சி ஒண்ணை ஒடிச்சாந்து வயல்ல நட்டுட்டு, பனங்காடை அதுல வந்து உக்காரும்னு உச்சி வெயில் வரைக்கும் காத்துக் கெடந்தான். மரத்தை வெட்டினவன் மனுசன். கம்பியை இழுத்தவன் மனுசன். அதுல உக்காந்தா குத்தம் குருவியோடது! 1970கள்ல சிப்காட் வந்த நாள்லருந்து இந்த ஊரு வளர்ந்து, 2019ல மாநகராட்சியும் ஆயிடுச்சு. கம்பி இல்லாத ஆகாசம் வேணும்னா நீ எங்க அப்பன் காலத்துக்குத்தான் போகணும். அங்க போறதுக்கு இன்னும் பைக் விடல.

மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. நாவல் எழுதின அ. மாதவையாவோட மகன். 1912ல பொறந்து 1996ல போனவரு. தமிழ்ல அவர் எழுதினதையெல்லாம் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்'னு தொகுத்திருக்காரு, பேரன் கொண்டாந்து கொடுத்தான். அந்த மனுசன் கறுப்பு வெள்ளையிலதான் யானையும் மானும் எடுத்தாரு. கடையில கெடைச்ச கேமரா எதுவும் அவருக்குச் சரிப்படல. அங்க ஒரு பாகம் இங்க ஒரு பாகம்னு சேர்த்துத் தானே ஒண்ணைக் கட்டி, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பட்டப்பேரும் வச்சாரு. அதைத் தூக்கிக்கிட்டுதான் காடு காடா அலைஞ்சாரு. 1970ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல 1950லருந்து சாகிற வரைக்கும், 46 வருஷம், காடு, பறவை, ஊர்ப்புற விலங்குன்னு எழுதிக்கிட்டே இருந்தாரு. நீ போடற படம் 46 மணி நேரம் நிக்குதா பாரு. நான் கேலி பண்ணல, கணக்குக் கேக்கறேன்.

உங்க பெங்களூர்லயே டி.என்.ஏ. பெருமாள் இருந்தாரே, நம்ம தஞ்சாவூர்க்காரரு, 2017ல காலமானாரு. பிலிம் காலத்து ஆளு. ஒரு சுருளுக்கு 36 படம். மாத்திச் சுத்தறதுக்குள்ள எதிர்ல இருக்கிறது ஓடிப்போயிடும். அப்ப என்ன பண்ணுவாங்க? விரலை வச்சுக்கிட்டுக் கண்ணால பார்ப்பாங்க. நீ இப்ப விரலை வச்சா டர்ர்ர்னு ரெண்டு செகண்டுல 36 முடிஞ்சிடுது. மைனா தலையைத் திருப்பறதுக்குள்ள நாலு கல்யாண ஆல்பத்துக்கு எடுத்துடறே. அப்புறம் வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா உக்காந்து எதை அழிக்கிறதுன்னு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறே. மைனாவை எப்பப்பா பார்த்தே?

சரி, இப்ப ஆக்காட்டி. இதை நீ கிட்ட உக்காந்து கேட்டே ஆகணும்.

பாகலூர் ரோட்டுப் பக்கம் பிளாட் போட்டு வெள்ளைக் கல்லு நட்டு வச்சிருக்கானுங்களே, விக்காமக் கெடக்கிற எடம், அங்க போ. சரளை கொட்டித் தரையை நெரவியிருப்பாங்க. மாசி, பங்குனி பொறந்தா ஆக்காட்டிக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. கூடெல்லாம் கட்டாது. தரையில லேசா ஒரு பள்ளம், சுத்தி நாலு கூழாங்கல்லு, உள்ள நாலு முட்டை. கூர் மொனையெல்லாம் நடுவுல சேர்ந்து, அகல மொனை வெளிய பார்த்துக் கெடக்கும். மண்ணு நெறத்துல கறுப்புத் தீத்தல். நீ பக்கத்துல நின்னாலும் கண்ணுக்குச் சிக்காது, கால்ல மிதிபட்டாத்தான் தெரியும். கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி உக்காரணும். அடை காக்கிறதுன்னா சூடு கொடுக்கிறதுன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கே? பங்குனி வெயில்ல, சரளைத் தரையில, சூடு கொடுக்கவா ஆளு வேணும்! அது உக்காரறதே நெழலுக்கு. வெயில் ஏறினா ஒண்ணு தண்ணிக்குப் போகும். குடிச்சிட்டு வந்துடும்னு பார்த்தா, வயித்தை மட்டும் தண்ணியில முக்கி முக்கி எடுக்கும். அடிவயித்து முடியெல்லாம் ஊறினதும் பறந்து வந்து, அந்த ஈரத்தோட முட்டை மேல பதமா உக்காரும். அடுத்தது கெளம்பும். நாள் பூரா இதே வேலை.

இதைப் படமெடுக்க நீ போறே. நல்ல விஷயம். என்ன பண்றே? மொதல்ல ஆக்காட்டி கத்துது, நீ அதை 'ஆக்‌ஷன்'ங்கறே. அது தலைக்கு மேல வந்து பாயுது, 'பறக்கிற ஷாட்டு'ங்கறே. அப்புறம் முட்டைக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கவர் கெடக்குது, ஒரு காய்ஞ்ச செடி நிக்குது, படத்துக்கு எடைஞ்சல்னு அதைப் பிடுங்கிப் போடறே. அந்தச் செடிதான் பாதி நெழலு. அப்புறம் தாய் வரட்டும்னு பத்தடி தள்ளிப் படுத்துக்கிட்டுக் காத்திருக்கே. நீ இருக்கிற வரைக்கும் அது வராது. அது வராம நீ போக மாட்டே. உச்சி வெயில்ல நாலு முட்டையும் கல்லுக்குள்ள கல்லா வேகுது. நீ எடுத்து முடிச்சுக் கெளம்பினப்புறம், இத்தனை நேரம் கம்பத்து மேல உக்காந்து உன்னைக் கவனிச்சுக்கிட்டு இருந்த காக்கா கீழ இறங்குது. அதுக்கு உன்னாலதான் எடம் தெரிஞ்சுது. கூட்டுப் படத்தைப் பல போட்டியில சேர்த்துக்கறதில்லன்னு பேரன் சொன்னான். போட்டிக்காரனுக்கு இருக்கிற யோசனை உனக்கு இருக்காதா என்ன? தள்ளி நில்லு. அது வயித்தை நனைக்கப் போற குட்டைகிட்ட போயி உக்காரு, நூறு தடவை வரும், அங்க எடு. இந்தப் படத்தை எவனும் எடுத்து நான் பார்த்ததில்ல. எல்லாரும் முட்டையைச் சுத்தியேதான் நிக்கறானுங்க.

செல்போன்ல பறவைச் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடறீங்களே, அதுவும் ஒரு கலைதான். இனப்பெருக்கக் காலத்துல ஆண் பறவைக்கு அந்தச் சத்தம் கேட்டா, எவனோ எல்லைக்குள்ள புகுந்துட்டான்னு அர்த்தம். தின்னறதை விட்டுட்டுச் சண்டைக்கு ஓடியாரும். ராத்திரி ஷிப்ட் முடிச்சு நீ தூங்கறப்ப உன் வீட்டு வாசல்ல நின்னு, 'இந்த வீடு என்னுது, பத்திரம் என் பேர்ல இருக்கு'ன்னு ஒருத்தன் மைக்குல கத்தினா நீ லுங்கியோட வெளிய வருவே பாரு, அந்தக் கோலத்தைப் படம் எடுத்து 'கம்பீரம்'னு பேரு வைக்கிறதுதான் நீ பண்றது.

உலகப் போட்டிக்காரனும் நமக்கு எளைச்சவன் இல்ல. லண்டன்ல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற போட்டி. 2009ல ஓநாய் ஒண்ணு ராத்திரியில மரக் கதவைத் தாண்டிக் குதிக்கிற படத்துக்கு மொதப் பரிசு. அது பழக்கின ஓநாயா இருக்கலாம்னு 2010 ஜனவரியில பரிசைப் பிடுங்கிட்டாங்க. அப்புறம் 2017ல பிரேசில்ல எடுத்த எறும்புத்தின்னி படம் ஒரு பிரிவுல ஜெயிச்சுது. மறு வருஷம் பார்த்தா, பூங்கா வாசல்ல பஞ்சடைச்சு வச்ச எறும்புத்தின்னிக்கும் அதுக்கும் ஒரு மயிர் வித்தியாசம் இல்ல. அதையும் தள்ளிட்டாங்க. ஓநாய்க்காரன் குதிக்கவாவது வச்சான். பஞ்சுப் பொம்மையை எடுத்தவனுக்கு லென்ஸ் எதுக்கு? நம்ம ஐயனார் கோயில் குதிரையை எடுத்திருந்தாலும் முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நின்னிருக்கும்.

கொம்பன் ஆந்தை எங்க இருக்குன்னு என்கிட்ட கேக்காத கேமராக்காரன் கெடையாது. கைவிட்ட கிரானைட் குவாரியில, செங்குத்துப் பாறையில ஒரு திட்டு, அதுல வெறும் கல்லு மேலயே முட்டை வைக்கும். குஞ்சு பொரிச்சா பஞ்சுப் பொதியா ரெண்டு கண்ணு மொறைக்கும். எனக்கு எடம் தெரியும். ஒருத்தனுக்குச் சொன்னேன்னு வையி, அவன் ரொம்ப நல்லவன், ரகசியமா ஒரே ஒருத்தனுக்குத்தான் சொல்லுவான். அந்த ஒருத்தனும் நல்லவன். அடுத்த ஞாயித்துக்கிழமை குவாரி வாசல்ல டீக்கடை போடலாம். அதனால யாரு கேட்டாலும் நான் மரியாதையா எழுந்து நின்னு, கையை நீட்டி, தெளிவா வழி சொல்லுவேன். போன தடவை கேட்டவங்களை ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு அனுப்பி வச்சேன். சாயங்காலம் திரும்பி வந்தாங்க. ஆந்தை இல்லையாம். ஆளுக்கு ஒரு பெட்டி தக்காளி வாங்கியிருந்தாங்க, மண்டி வெலைக்கு. நன்றி சொல்லிட்டுப் போனாங்க.

இப்ப நம்ம பெரிய சாமிக்கு வருவோம்.

ஐப்பசி பொறந்து ராகி கதிர் பிடிச்சா, கர்நாடகாவுல பன்னர்கட்டா காட்டுலருந்து யானைங்க எறங்கும். ஜவளகிரி, தளி, நொகனூர், தேன்கனிக்கோட்டைன்னு காட்டோரமாப் பிரிஞ்சு வந்து, ஒரு கூட்டம் ஓசூருக்குப் பக்கத்துல சானமாவுக் காடு வரைக்கும் வந்துடும். பேரண்டப்பள்ளிகிட்ட நாலுவழிச் சாலையைத் தாண்டும்போது கண்டெய்னர் லாரியெல்லாம் வரிசையா நிக்கும். இந்தச் சாமிங்களுக்குன்னுதான் அரசாங்கம் 2014ல காவேரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2022ல காவேரி தெற்கு 686 சதுர கிலோமீட்டர்னு எழுதிக் கொடுத்திருக்கு. ஆனா எந்த யானைக்கும் வரைபடம் படிக்கத் தெரியாது. காட்டுப் புல்லையும் பார்க்குது, எங்க ராகியையும் பார்க்குது. நீயா இருந்தா எதைத் திம்பே?

நாங்க பரண்ல உக்காந்து காவல் காக்கிறோம். தகரம், வெடி, டார்ச்சு லைட்டு. 'ஆனே பந்திதே!'ன்னு ஒரு கொல்லையில கன்னடத்துல கத்துவான், 'ஏனுகு ஒச்சிந்தி!'ன்னு பக்கத்துல தெலுங்குல கத்துவான், நான் தமிழ்ல கத்துவேன். யானைக்கு மூணும் புரியும், ஆனா ஒண்ணையும் மதிக்காது. இதுக்கு நடுவுல உன் கார் வந்து நிக்கும். எங்க வெடிச் சத்தம் உன் காதுக்குக் கச்சேரிக்குக் கூப்பிடறதா கேக்குது. 'தாத்தா, எந்தப் பக்கம்?' நாங்க யானையை வடக்கால தொரத்தறோம். நீ வடக்கால போயி நின்னுக்கிட்டு, ஃப்ளாஷ் அடிச்சு, அதைத் தெக்கால திருப்பி விடறே. அந்தப் பக்கம் இருக்கிறது என் தங்கச்சி கொல்லை.

ஒருத்தன் ட்ரோன் விட்டான். யானைக்குத் தேனீன்னா அலர்ஜி, அந்த மெஷினும் மேல நின்னு அதே ரீங்காரம்தான் போடுது. மேய்ஞ்சுக்கிட்டு நின்னது மெரண்டு பிளிறி, குட்டியை நடுவுல விட்டு, வாழைத்தோட்டத்தை நெரவிக்கிட்டு ஓடிச்சு. வீடியோ பிரமாதமா வந்துச்சாம். வாழைக்காரன் அவனைத் தேடிக்கிட்டு இருக்கான், பாராட்டத்தான்.

தனியாத் திரியற கொம்பன்கிட்ட முதுகைக் காட்டிக்கிட்டு செல்பி எடுக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல வரும். நீ ஆபீஸ்ல லிஃப்ட்டுல போற ஆளு. கணக்கை நீயே போட்டுக்கோ. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சா வனத்துறை அபராதம் போடும். அதையும் சொல்லி வைக்கிறேன், ஏன்னா பயம்னா உங்க ஆளுங்களுக்கு யானையைவிட ரசீதுகிட்டதான்.

பெங்களூர்லருந்து இந்தக் காட்டுக்கு ஆள் வர்றது புதுசும் இல்ல. கென்னத் ஆண்டர்சன்னு வேட்டைக்காரர் துப்பாக்கியோட வந்தாரு. ஜவளகிரிப் பக்கத்துப் பொம்பளைப் புலியைப் பத்தி அவர் எழுதின கதை 1954ல புத்தகத்துல வந்துச்சு. அந்தப் புலி ஆளைத் தின்னுச்சு, அதைத் தேடி வந்தாருன்னு ஒரு காரணமாவது இருந்துச்சு. உன்னை எந்தக் கொக்கு என்ன பண்ணுச்சு?

பொறுமையா இருந்து எடுத்தவங்களும் உண்டு, இல்லங்கல. ஊட்டிக்காரப் பொண்ணு கார்த்திகி கொன்சால்வெஸ் அஞ்சு வருஷம் முதுமலையில யானைக்குட்டி வளர்த்த பொம்மன், பெள்ளி குடும்பத்தோட கூடவே இருந்து எடுத்த படத்துக்குத்தான் 2023 மார்ச்சுல ஆஸ்கர் கெடைச்சுது. அதுல வர்ற ரகு இருக்கானே, அவன் முதுமலைப் புள்ளையில்ல. 2017ல நம்ம ஓசூர்க் காட்டுலருந்து மீட்டுக் கொண்டுபோன குட்டி. ஆஸ்கர் விழா நடந்த வாரம் பொம்மன் எங்க இருந்தாரு தெரியுமா? தருமபுரிப் பக்கம், தாயைப் பிரிஞ்ச இன்னொரு குட்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு. அதே மாசத் தொடக்கத்துலதான் மாரண்டஅள்ளிகிட்ட திருட்டுத்தனமா கரண்டு விட்ட வேலியில மூணு யானை செத்து, ரெண்டு குட்டி தாயில்லாம நின்னுச்சு. இந்த ஊருக் கம்பியும் வேலியும் படத்துக்கு வெளியில கெடக்கிற சமாச்சாரம்னு நீ வெட்டறே. யானை அதுக்குள்ளதான் நடக்குது.

பொங்கலுக்குப் பறவை எண்ணறாங்களே, 2015லருந்து தமிழ்நாடு பூரா நடக்குது. கால் மணி நேரம் ஒரே எடத்துல நின்னு, கண்ணுல பட்டதை எழுதிக் கொடுக்கணும். காக்காயும் கணக்குல உண்டு. ராமநாயக்கன் ஏரிக்கரையில போன பொங்கலுக்கு ஒரு கூட்டம் நின்னுச்சு. கேமராக்கார தம்பி ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல நெளிய ஆரம்பிச்சுட்டான். லைஃபர் ஒண்ணும் இல்லையாம். அவன் பக்கத்துல நின்ன எட்டாங்கிளாஸ் பொண்ணு சத்தமில்லாம எழுதிக்கிட்டே போச்சு. அதுக்குக் காக்கா, மைனா, கொக்கு எல்லாமே லைஃபர்தான் போலிருக்கு.

இவ்வளவு பேசினதுல உனக்குக் கோவம் வந்திருந்தாலும் வந்திருக்கும். கெழவன் பேச்சு, காத்துல விடு. எனக்கு உன்னால ஆகவேண்டிய காரியம் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இத்தனை சுத்து. முந்தாநாள் ராத்திரி மேல்கொல்லையில யானை எறங்கிடுச்சு. பாதி ராகி போச்சு, போர்வெல் பைப்பும் போச்சு. நஷ்டஈட்டு மனுவுக்கு சிட்டா, அடங்கலோட படமும் வைக்கணும். பேரன் செல்போன்ல எடுத்தான், அதுல யானை மிதிச்சதா மாடு மேய்ஞ்சதான்னே தெரியல. உன்கிட்ட ரெண்டு கறவை மாட்டு வெலையில லென்ஸ் இருக்கு.

விடியக்காலம் வந்துடு, காலடித் தடம் கலையறதுக்குள்ள. தடத்துக்குப் பக்கத்துல என் செருப்பை வச்சுக்கோ, அளவு தெரியும். பின்னாடி கம்பெனிச் சுவரு விழணும், அப்பத்தான் எந்த எடம்னு ஆபீசுல புரியும். சர்வே கல்லு விழணும். கரண்டு கம்பம் விழணும், அதுல நம்பர் எழுதியிருக்கு. ஒண்ணையும் மங்கலாக்கிடாதே, ஒண்ணையும் வெட்டிடாதே. கதிர்ல பனித்துளி நின்னா அது பக்கமே போகாதே. எல்லாத்துக்கும் மேல, மூலையில உன் பேரைப் போட்டுடாதேப்பா. பணத்தை உன் கணக்குல போட்டுடப் போறாங்க.